பப்ளிக் ஹெல்த் படிக்கலாமா, படிச்சா என்ன வேலை? புதுசா வர்றவங்களுக்கு ஒரு வழிகாட்டி

பப்ளிக் ஹெல்த், அதாவது பொது சுகாதாரம் படிக்கப் போறேன்னு வீட்ல சொன்னா முதல்ல வர்ற கேள்வி "அப்போ நீ டாக்டர் ஆக மாட்டியா?"ங்கறதுதான். அடுத்தது "சரி, அதைப் படிச்சா என்ன வேலை?" ரெண்டுமே நியாயமான கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் சின்னது: ஆக மாட்டீங்க, இந்தப் படிப்பு மட்டும் படிச்சா மருந்து எழுத லைசென்ஸ் கிடைக்காது. ரெண்டாவதுக்குப் பதில் கொஞ்சம் நீளம், அதுக்குத்தான் இதை எழுதறேன். ஒண்ணை மட்டும் முன்னாடியே சொல்லிடறேன், இந்தத் துறைல டிகிரி பேரைப் பாத்து யாரும் வேலை குடுக்கறதில்ல, உங்களுக்குக் கைல என்ன வேலை தெரியும்னு பாத்துதான் குடுக்கறாங்க. டேட்டா தெரியுமா, களத்துல போய் விசாரிக்கத் தெரியுமா, ஒரு திட்டத்தை ஓட்டத் தெரியுமா, அதிகாரிக்குப் புரியற மாதிரி ஒரு பக்கம் எழுதத் தெரியுமா. இதுல எது உங்களோடதுங்கறதை படிப்பு முடியறதுக்குள்ள முடிவு பண்ணிடணும், கீழ சொல்றது எல்லாமே அதுக்கான வழிதான்.

முதல்ல, இது என்ன படிப்புன்னு புரிஞ்சுக்கோங்க

டாக்டர் முன்னாடி ஒரு நோயாளி உக்காந்திருப்பாரு. நம்ம முன்னாடி யாரும் உக்காந்திருக்க மாட்டாங்க, ஒரு ஊரே இருக்கும். யாருக்கு வியாதி வந்துச்சு, யாருக்கு வரல, ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன வித்தியாசம், இந்த மூணு கேள்விதான் அடிப்படை.

ஜான் ஸ்னோங்கற லண்டன் டாக்டரோட கதையை முதல் வாரத்துலயே எல்லா காலேஜ்லயும் சொல்லுவாங்க. 1854ல லண்டன் சோஹோ பகுதில காலரா, பிராட் ஸ்ட்ரீட் பக்கம் கொத்துக் கொத்தா சாவு. கெட்ட காத்துனாலதான் காலரா வருதுன்னு பெரும்பாலான டாக்டருங்க நம்பிட்டிருந்த காலம். ஸ்னோ வீடு வீடாப் போய் எந்தப் பம்புல தண்ணி புடிச்சீங்கன்னு கேட்டு, இறந்தவங்க வீட்டை எல்லாம் மேப்ல குறிச்சாரு. பொதுவா கதையை இதோட நிறுத்திடுவாங்க, ஆனா எனக்குப் பிடிச்சது அதுக்கு அடுத்த பகுதி: அந்தத் தெருவுலயே இருந்த மதுபான ஆலைத் தொழிலாளிங்களுக்கு காலரா கிட்டத்தட்ட வரவே இல்ல, ஏன்னு பாத்தா அவங்க பீர் குடிச்சாங்க, தனிக் கிணறும் இருந்துச்சு, அந்தப் பம்பு பக்கமே போகல. இன்னொரு பக்கம் ஹாம்ப்ஸ்டட்ல, ரொம்ப தூரத்துல, ஒரு அம்மா காலராவுல இறந்துட்டாங்க, விசாரிச்சா அவங்களுக்கு அந்தப் பம்புத் தண்ணி ருசி பிடிக்கும்னு தினமும் வண்டில வரவழைச்சிருக்காங்க. பக்கத்துல இருந்தும் வராதவங்க, தூரத்துல இருந்தும் வந்தவங்க, இந்த ரெண்டு கேஸ்தான் விஷயத்தை உடைக்குது. பம்பு கைப்பிடியைக் கழட்டினதுனாலதான் காலரா நின்னுச்சுன்னு சொல்றது கொஞ்சம் மிகை, அதுக்குள்ளயே கேஸ் குறைய ஆரம்பிச்சிருந்துச்சுன்னு ஸ்னோவே எழுதியிருக்காரு. ராபர்ட் கோக் காலராக் கிருமியைக் காட்டினது 1880கள்ல, அப்போ ஸ்னோ இறந்தே இருபத்தஞ்சு வருஷம் ஆகியிருந்துச்சு. கிருமி என்னன்னு தெரியாமலே எது வழியா பரவுதுன்னு சொல்ல முடியும்ங்கறதுதான் இதுல இருக்கற விஷயம்.

அதே தர்க்கம்தான் நூறு வருஷம் கழிச்சு சிகரெட்டுக்கும். 1950ல ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில்ங்கற ரெண்டு பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளருங்களும் நுரையீரல் கேன்சர் வந்தவங்களையும் வேற வியாதிக்காக ஆஸ்பத்திரில இருந்தவங்களையும் எடுத்து நீங்க எவ்ளோ புகைப்பீங்கன்னு ஒரே கேள்வியைக் கேட்டாங்க. அடுத்த வருஷமே பிரிட்டிஷ் டாக்டருங்களையே ஆயிரக்கணக்குல சேத்து வருஷக்கணக்கா பின்தொடர ஆரம்பிச்சாங்க. முதல் மாதிரி ஆய்வுக்கு கேஸ் கன்ட்ரோல்னு பேரு, ரெண்டாவதுக்கு கோஹார்ட். இந்த ரெண்டு வார்த்தையும் உங்க கூடவே ஓய்வு பெறற வரைக்கும் வரும்.

உங்களுக்கு இது ஒத்து வருமான்னு சேர்றதுக்கு முன்னாடி பாருங்க

சேவை மனப்பான்மை இருந்தா போதும்னு சொல்றவங்க நிறைய. இருந்தா நல்லதுதான், ஆனா போதாது. ஒரு சின்ன சோதனை சொல்றேன், இதைப் படிக்கும்போது சுவாரஸ்யமா இருந்தா சேருங்க, எரிச்சலா இருந்தா இன்னொரு தடவை யோசிங்க.

ஒரு டெஸ்ட் இருக்கு. வியாதி இருக்கறவங்கள்ல 99 சதவீதம் பேரைக் கண்டுபிடிச்சிடும், வியாதி இல்லாதவங்கள்ல 95 சதவீதம் பேருக்கு இல்லைன்னு சரியாச் சொல்லிடும். அருமையான டெஸ்ட் மாதிரி தெரியுதில்ல? இப்போ நூத்துல ஒருத்தருக்கு மட்டும் அந்த வியாதி இருக்கற ஒரு ஊர்ல 10,000 பேருக்கு அந்த டெஸ்ட்டை எடுக்கறோம். வியாதி இருக்கறவங்க 100 பேர், அதுல 99 பேருக்கு பாசிட்டிவ் வரும். இல்லாதவங்க 9,900 பேர், அதுல 5 சதவீதம், அதாவது 495 பேருக்குத் தப்பா பாசிட்டிவ் வரும். மொத்தம் 594 பாசிட்டிவ், அதுல நிஜமா வியாதி இருக்கறது 99 பேருக்கு, அதாவது ஆறு பேருக்குப் பாசிட்டிவ் வந்தா அதுல ஒருத்தருக்குத்தான் வியாதி. மத்த அஞ்சு பேரும் ராத்திரி தூங்காம, அடுத்த டெஸ்ட்டுக்கு அலைஞ்சு, சில சமயம் தேவையில்லாத சிகிச்சை கூட எடுத்துக்குவாங்க. அதே டெஸ்ட்டை பாதிப் பேருக்கு வியாதி இருக்கற இடத்துல எடுத்தா பாசிட்டிவ் வந்தவங்கள்ல இருபதுல பத்தொன்பது பேருக்கு நிஜமாவே இருக்கும். டெஸ்ட் மாறல, ஊர் மாறிடுச்சு, அவ்ளோதான். எல்லாருக்கும் ஸ்கிரீனிங் பண்ணுங்கன்னு யாராவது மேடைல முழங்கும்போது உங்களுக்கு இந்தக் கணக்கு மனசுல ஓட ஆரம்பிச்சா நீங்க இந்தத் துறைக்கு வந்துட்டீங்கன்னு அர்த்தம்.

இன்னொரு பழக்கமும் இப்பவே ஆரம்பிக்கலாம். ஹெல்த் செய்தி எதைப் படிச்சாலும் "மொத்தம் எத்தனை பேர்ல?"ன்னு கேளுங்க. 300 பேருக்குக் காய்ச்சல்னா எத்தனை பேர் இருக்கற இடத்துல, எத்தனை நாள்ல, போன வருஷம் இதே மாசம் எத்தனை. கீழ போடற எண் தெரியாம மேல இருக்கற எண்ணை வச்சு எதுவும் சொல்ல முடியாது.

எந்த டிகிரி, எப்போ

பேச்சிலர் லெவல்லயே பப்ளிக் ஹெல்த் இருக்கு, மூணு நாலு வருஷம். மாஸ்டர்ஸ்லதான் கூட்டம் அதிகம், எம்பிஎச்னு சொல்ற மாஸ்டர் ஆஃப் பப்ளிக் ஹெல்த். பிரிட்டன்ல பொதுவா ஒரு வருஷம், அமெரிக்கால பெரும்பாலும் ரெண்டு வருஷம். எம்பிஎச் அகலமா இருக்கும், எபிடெமியாலஜில (வியாதி யாருக்கு, எங்க, ஏன் வருதுன்னு ஆராயற துறை) எம்எஸ்சி மாதிரி படிப்புகள் ஆழமா, கணக்கு ஜாஸ்தியா இருக்கும். ஆராய்ச்சிதான்னு முடிவு பண்ணிட்டா எம்எஸ்சி போய் அப்புறம் பிஎச்டி. டாக்டர் ஆஃப் பப்ளிக் ஹெல்த்னு ஒண்ணு இருக்கு, அது பெரிய திட்டம், நிறுவனம் நடத்தறவங்களுக்கு, புதுசா வர்றவங்க இப்போ அதைப் பத்திக் கவலைப்பட வேண்டாம்.

மாஸ்டர்ஸ்ல சேர மருத்துவம் படிச்சிருக்கணும்னு கட்டாயம் பெரும்பாலான இடத்துல இல்ல. ஒரே வகுப்புல டாக்டர், நர்ஸ், பல் டாக்டர், ஃபார்மசி படிச்சவங்க, புள்ளியியல், சமூகவியல், சிவில் இன்ஜினியர், ஜர்னலிஸ்ட்னு கலந்து இருப்பாங்க. தண்ணி, சாக்கடைதானே பாதி ஆரோக்கியம், அதனால இன்ஜினியருங்க வந்தா யாரும் ஆச்சரியப்பட மாட்டாங்க. சில பதவிகளுக்கு மட்டும், குறிப்பா அரசாங்க ஹெல்த் ஆபீசர் மாதிரி இடங்களுக்கு, மருத்துவப் பட்டம் கேக்கற நாடுகள் உண்டு. நீங்க வேலை பாக்க நினைக்கற நாட்டுல பழைய ஆள் எடுப்பு விளம்பரங்களை எடுத்துப் படிங்க, அதுல தகுதின்னு என்ன போட்டிருக்கோ அதுதான் உண்மை, காலேஜ் பிரோஷர்ல இருக்கறது விளம்பரம்.

பேச்சிலர் முடிச்ச கையோட மாஸ்டர்ஸ் போலாமாங்கறது அடிக்கடி வர்ற கேள்வி. என் கருத்து, முடிஞ்சா ஒண்ணு ரெண்டு வருஷம் ஏதாவது வேலை பாத்துட்டுப் போங்க, சர்வே எடுக்கற வேலையா இருந்தாலும் சரி, ஆஸ்பத்திரில ரெக்கார்ட் பாக்கற வேலையா இருந்தாலும் சரி. களத்தைப் பாக்காம ஹெல்த் சிஸ்டம்னு ஒரு பாடத்தைப் படிச்சா அது வெறும் டயக்ரம் மாதிரிதான் தெரியும், பாத்துட்டுப் படிச்சா ஒவ்வொரு வரிக்கும் ஒரு முகம் ஞாபகம் வரும். ஸ்காலர்ஷிப்புக்கும் இது உதவும், உதாரணமா பிரிட்டன் அரசாங்கம் தர்ற செவனிங் ஸ்காலர்ஷிப்ல ரெண்டு வருஷத்துக்குச் சமமான வேலை அனுபவம் கேப்பாங்க, படிச்சு முடிச்சா ரெண்டு வருஷம் சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போகணும்னும் நிபந்தனை இருக்கு.

யூனிவர்சிட்டி தேர்ந்தெடுக்கறது

ரேங்கிங்கை ஒரு தடவை பாத்துட்டு மூடிடுங்க. ஜான்ஸ் ஹாப்கின்ஸோட பப்ளிக் ஹெல்த் ஸ்கூல் 1916ல இருந்து இருக்கு, லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் 1899ல இருந்து இருக்கு, பெரிய பேருங்கதான், இடம் கிடைச்சு பணமும் அமைஞ்சா யோசிக்கவே வேண்டாம். ஆனா கழுத்தளவு கடன் வாங்கிட்டுப் போற அளவுக்கு இந்தத் துறைல ஆரம்பச் சம்பளம் கிடையாது, இதை யாரும் ஓப்பனா சொல்ல மாட்டேங்கறாங்க. எந்த நாடா இருந்தாலும் கடன் தொகையையும், நீங்க முதல்ல எடுக்கப் போற வேலையோட சம்பளத்தையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாத்துட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க.

சிலபஸ்ல நான் முதல்ல தேடறது எபிடெமியாலஜியும் பயோஸ்டாட்டிஸ்டிக்ஸும் (ஹெல்த் டேட்டாவுக்கான புள்ளியியல்) எத்தனை பேப்பர் இருக்குங்கறதைத்தான். ஒவ்வொண்ணும் ஒரே ஒரு அறிமுகப் பேப்பரோட முடியுதுன்னா யோசிக்கணும். அடுத்தது பிராக்டிகம், அதாவது நிஜமான ஒரு அலுவலகத்துலயோ களத்துலயோ வேலை பாக்கற காலம், அது கட்டாயமா, எங்க அனுப்பறாங்க, இடத்தை அவங்க பிடிச்சுத் தருவாங்களா இல்ல நீங்களே அலையணுமா. சாஃப்ட்வேர் கத்துத் தர்றாங்களா. படிச்சவங்க இப்போ எங்க இருக்காங்கன்னு லிங்க்டுஇன்ல அந்தக் கோர்ஸ் பேரைப் போட்டுத் தேடுங்க, கடைசி மூணு நாலு பேட்ச் ஆளுங்களைப் பாருங்க, அவங்கள்ல ரெண்டு பேருக்கு மரியாதையா சின்னதா ஒரு மெசேஜ் போடுங்க. "கோர்ஸ் எப்படி?"ன்னு கேட்டா "நல்லா இருக்கு"ன்னு முடிச்சிடுவாங்க, "பிராக்டிகம் உங்களுக்கு எங்க கிடைச்சுது, அங்க என்ன வேலை குடுத்தாங்க?"ன்னு கேட்டாதான் உண்மை வெளில வரும்.

அங்கீகாரமும் பாக்கணும், அமெரிக்கால செஃப்னு ஒரு அமைப்பு இருக்கு, சிஇபிஎச்னு எழுதுவாங்க, ஐரோப்பால அஃபியா, மத்த இடத்துல அந்தந்த நாட்டு உயர்கல்வி அமைப்பு. ஆன்லைன் எம்பிஎச் பத்தி: ஏற்கனவே வேலைல இருக்கறவங்களுக்கு நல்ல வழி, புதுசா வர்றவங்களுக்குக் கொஞ்சம் கஷ்டம், ஏன்னா பாடத்தை விட பேராசிரியரோட பழக்கம், பிராக்டிகம், கூடப் படிச்சவங்க, இதுங்கதான் முதல் வேலையைக் கொண்டு வரும்.

அப்ளிகேஷன்ல எழுதறது

ஏன் படிக்க நினைக்கறீங்கன்னு எழுதற ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்ப்பஸை "சின்ன வயசுல இருந்தே மக்களுக்குச் சேவை செய்யணும்னு ஆசை"ன்னு ஆரம்பிக்காதீங்க, படிக்கறவரு அன்னைக்கு அதே வரியை எத்தனையோ தடவை பாத்திருப்பாரு. ஒரு பிரச்சினையை எடுங்க, நீங்க கண்ணால பாத்தது. உதாரணத்துக்கு, முதல் தவணை தடுப்பூசிக்கு எல்லாரும் வர்றாங்க, மூணாவதுக்கு பாதிப் பேர் காணோம். ஏன்னு நீங்க நினைக்கறீங்க, அதைத் தெரிஞ்சுக்க உங்களுக்கு என்ன திறமை இல்ல, அந்தத் திறமையை இந்தக் கோர்ஸோட எந்தப் பேப்பர் குடுக்கும். இவ்ளோதான் எழுதணும். ரெஃபரன்ஸ் லெட்டர் பெரிய பதவில இருக்கறவர்கிட்ட வாங்கறதை விட உங்க வேலையை நேர்ல பாத்தவர்கிட்ட வாங்கறது மேல், பதவிக்காரரு நாலு பொதுவான வரி எழுதி அனுப்பிடுவாரு.

சேந்தப்புறம்: எதைப் பிடிச்சுக்கணும்

பழைய பாணில அஞ்சு தூண்னு சொல்லுவாங்க: எபிடெமியாலஜி, பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ், சுற்றுச்சூழல் ஆரோக்கியம், ஹெல்த் பாலிசியும் மேனேஜ்மென்ட்டும், அப்புறம் சமூக நடத்தை அறிவியல். எல்லாத்தையும் பாஸ் பண்ணுங்க, ஆனா ஒண்ணுல ரெண்டுல ஆழமா இறங்குங்க.

புள்ளியியல்னா பயப்படறவங்களுக்கு: ஃபார்முலா மனப்பாடம் பண்றது முக்கியமே இல்ல, எது எதைக் குழப்புதுன்னு புரியணும். பாக்கெட்ல லைட்டர் வச்சிருக்கறவங்களுக்கு நுரையீரல் கேன்சர் ஜாஸ்தின்னு டேட்டா சொல்லும், உண்மையும் கூட, ஆனா கேன்சரைக் குடுக்கறது லைட்டர் இல்ல, அதை வச்சிருக்கறவரு புகைக்கறாரு. இதுக்கு கன்ஃபவுண்டிங்னு பேரு. லைட்டர் கேஸ்ல சட்டுனு தெரிஞ்சிடுது, ஆனா "இந்த விட்டமின் மாத்திரை சாப்பிடறவங்க அதிக நாள் வாழறாங்க"ன்னு வர்ற ஆய்வுல அதே விஷயம் ஒளிஞ்சிருக்கும், மாத்திரை வாங்கறவங்க ஏற்கனவே வசதியானவங்க, உடம்பைப் பாத்துக்கறவங்க. ரிக்ரஷன் மாதிரி புள்ளியியல் முறை எல்லாம் கத்துக்கறது இதைப் பிரிச்சுப் பாக்கத்தான்.

சாஃப்ட்வேர்ல ஆர் (R)ங்கற புள்ளியியல் சாஃப்ட்வேரைக் கத்துக்கோங்க, இலவசம், எங்க போனாலும் கூட வரும். ஸ்டேட்டா, எஸ்ஏஎஸ் எல்லாம் நல்ல சாஃப்ட்வேர்தான், ஆனா லைசென்ஸ் காசு, காலேஜை விட்டு வெளில வந்ததும் உங்ககிட்ட இருக்காது. மேப்புக்கு க்யூஜிஐஎஸ், களத்துல ஃபோன்லயே படிவம் நிரப்ப கோபோ, இதுவும் காசில்லாம கிடைக்கும். டிஹெச்ஐஎஸ்2ன்னு ஒண்ணு, ஆஸ்லோ யூனிவர்சிட்டில உருவானது, பல நாட்டு சுகாதார அமைச்சகங்கள் தகவல் சேகரிக்க அதைத்தான் பயன்படுத்துது, அதைத் தொட்டுப் பாத்திருந்தா இன்டர்வியூல தனியா தெரிவீங்க. எக்ஸெல்லை யாரும் கேவலமா நினைக்காதீங்க, பாதி உலகம் இன்னும் அதுலதான் ஓடுது.

நெறிமுறைப் பாடத்தை சும்மா கடமைக்குப் படிக்கறாங்க பல பேர். 1932ல இருந்து 1972 வரைக்கும் அமெரிக்காவுல டஸ்கிகீல சிஃபிலிஸ் வந்த கறுப்பின ஆண்களை, பென்சிலின் வந்தப்புறமும் சிகிச்சை குடுக்காம, வியாதி எப்படி முத்துதுன்னு பாக்கறதுக்காக அரசாங்க சுகாதாரத் துறையே வேடிக்கை பாத்துச்சு. அது பத்திரிகைல வெளில வந்து, அதுக்கப்புறம் 1979ல மனுஷங்களை வச்சுப் பண்ற ஆராய்ச்சிக்கு நெறிமுறை சொன்ன பெல்மான்ட் ரிப்போர்ட், இன்னைக்கு நீங்க தீசிஸுக்கு எதிக்ஸ் கமிட்டி முன்னாடி நிக்கறதுக்கு இதெல்லாம்தான் காரணம். நடைமுறைக்கு ஒரு விஷயம்: கமிட்டி ஒப்புதலுக்கு மாசக்கணக்குல ஆகலாம், தீசிஸ் தலைப்பை தள்ளிப் போட்டீங்கன்னா டேட்டா சேகரிக்க நேரம் இருக்காது. ஒரு வருஷக் கோர்ஸ்னா ஏற்கனவே இருக்கற டேட்டாவை வச்சு தீசிஸ் பண்றதுதான் புத்திசாலித்தனம், நாட்டளவு சர்வே டேட்டா நிறைய இருக்கு, பதிவு பண்ணிட்டு வாங்கிக்கலாம். தலைப்பு சின்னதா இருக்கட்டும், உலகத்தை மாத்தற தீசிஸ் யாரும் கேக்கல, முடிஞ்ச தீசிஸ்தான் கேக்கறாங்க.

படிச்சு முடிச்சா எங்கெல்லாம் வேலை

நோய்க் கண்காணிப்பு, அதாவது சர்வைலன்ஸ். அரசாங்க சுகாதாரத் துறைகள்ல முக்கியமான இடம். எங்க என்ன வியாதி கூடுதுன்னு தினமும் பாக்கறது, கூடினா ஓடறது. பெரியம்மையை ஒழிச்சதே இந்த வழிலதான். 1966ல நைஜீரியால வில்லியம் ஃபேகிங்கற அமெரிக்க டாக்டரோட டீம்கிட்ட எல்லாருக்கும் போட தடுப்பூசி இல்ல, அதனால கேஸ் எங்க இருக்குன்னு வேகமாக் கண்டுபிடிச்சு அதைச் சுத்தி இருக்கறவங்களுக்கு மட்டும் போட்டாங்க, பரவல் நின்னுடுச்சு. அந்த முறை உலகம் முழுக்கப் போச்சு. 1977ல சோமாலியால இயற்கையா வந்த கடைசி கேஸ், 1980ல ஒழிஞ்சதா அறிவிப்பு. இந்த வேலையைக் கத்துக்கணும்னா மாஸ்டர்ஸோட நிக்காம ஃபீல்ட் எபிடெமியாலஜி பயிற்சிக்கு அப்ளை பண்ணுங்க, எஃப்இடிபின்னு சொல்லுவாங்க. பொதுவா ரெண்டு வருஷம், வகுப்பு கொஞ்சம், வேலைதான் ஜாஸ்தி. அமெரிக்கால 1951ல சிடிசிங்கற அரசாங்க நோய்த் தடுப்பு அமைப்பு ஆரம்பிச்ச இஐஎஸ்ங்கற பயிற்சிதான் இதுக்கெல்லாம் முன்னோடி, இப்போ பல நாட்டுல அதே மாதிரி இருக்கு. என்னைக் கேட்டா இந்தத் துறையோட மிகச் சிறந்த படிப்பு இதுதான், ஆனா பையைக் கட்டி வச்சே இருக்கணும், குடும்பத்தோட பேசிட்டு எடுங்க.

திட்ட வேலை. என்ஜிஓக்கள்லயும் ஐநா அமைப்புகள்லயும் புதுசா வர்றவங்களுக்கு அதிகமா கிடைக்கறது எம் அண்ட் இ, அதாவது ஒரு திட்டம் சொன்னபடி நடக்குதா, பலன் இருக்கான்னு அளக்கற வேலை. கேக்க உப்புச்சப்பில்லாம இருக்கும். உள்ள போனா, கூட்டம் நடத்தினோம்னு ரிப்போர்ட்ல இருக்கும், யாரு வந்தாங்கன்னு பாத்தா எல்லாத் தாளுலயும் ஒரே கையெழுத்து இருக்கும், அதைக் கண்டுபிடிச்சு சண்டை இல்லாம சரி பண்றதுதான் நிஜ வேலை. ஒரு எச்சரிக்கை, இந்த வேலைங்க வெளிநாட்டு நன்கொடைப் பணத்தை நம்பி இருக்கு, 2025ல அமெரிக்கா வெளிநாட்டு உதவியை வெட்டினப்போ உலகம் பூரா எத்தனையோ பேருக்கு ஒரே வாரத்துல வேலை போச்சு. அதனால எங்க போனாலும் எடுத்துட்டுப் போற மாதிரி ஒரு திறமை கைல இருக்கணும்.

ஆஸ்பத்திரிக்குள்ள தொற்றுக் கட்டுப்பாடு, தர மேம்பாடு. நர்ஸிங், மைக்ரோபயாலஜி பின்னணி இருந்தா சுலபமா நுழையலாம். 1847ல வியன்னால செம்மல்வைஸ்ங்கற டாக்டர் மத்த டாக்டருங்களைக் கை கழுவ வச்சதும் பிரசவத்துல இறக்கற தாய்மாருங்க எண்ணிக்கை மளமளன்னு குறைஞ்சுது, ஆனா கூட இருந்த டாக்டருங்கள்ல பல பேர் அதை ஏத்துக்கல. கணக்கு சரியா இருந்தாலும் ஆளுங்களை ஒத்துக்க வைக்கறது தனி வித்தை. ஹெல்த் கம்யூனிகேஷன், நடத்தை மாற்றம்னு இருக்கற வேலைங்க எல்லாம் இதுக்குத்தான், எழுத்து, வீடியோ, உள்ளூர் மொழி நல்லா வர்றவங்களுக்கு இங்க இடம் இருக்கு, இதை யாரும் பெரிசா கண்டுக்கறதில்ல.

தனியார்ல மருந்துக் கம்பெனி, ஆராய்ச்சி ஒப்பந்த நிறுவனம். ஃபார்மகோவிஜிலன்ஸ்னா சந்தைக்கு வந்த மருந்தோட பக்க விளைவைக் கண்காணிக்கறது. தாலிடோமைடை கர்ப்பிணிங்க எடுத்ததுனால கை கால் வளர்ச்சி இல்லாம குழந்தைங்க பிறந்து, 1961ல அந்த மருந்தைத் திரும்ப வாங்கினாங்க, அதுக்கப்புறம்தான் உலக அளவுல இந்தக் கண்காணிப்பு உருவாச்சு. சம்பளம் என்ஜிஓவை விடப் பொதுவா நல்லா இருக்கும். மருந்தோட விலைக்கு ஏத்த பலன் இருக்கான்னு பாக்கற ஹெல்த் எகனாமிக்ஸ் வேலையும் இங்கதான். பொதுநலம் படிச்சுட்டு கம்பெனிக்குப் போறதான்னு சிலர் முகத்தைச் சுளிப்பாங்க, அதைக் கண்டுக்காதீங்க, பக்க விளைவை ஒழுங்காப் பதிவு பண்றதும் பப்ளிக் ஹெல்த்தான். இன்சூரன்ஸ், தொழிற்சாலைப் பாதுகாப்பு, கேன்சர் பதிவேடு, யூனிவர்சிட்டி ஆராய்ச்சின்னு இன்னும் இருக்கு.

உலக சுகாதார நிறுவனம்தான் எல்லாருக்கும் கனவு. அங்க நிரந்தரப் பதவிக்கு நேரா போறது அபூர்வம், பி-2ன்னு சொல்ற ஆரம்ப நிலைக்கே குறைஞ்சது ரெண்டு வருஷ அனுபவம் கேப்பாங்க, பி-3க்கு அஞ்சு. இன்டர்ன்ஷிப் இருக்கு, ஆறு வாரத்துல இருந்து இருபத்தி நாலு வாரம் வரைக்கும், இப்போ உதவித்தொகையும் தர்றாங்க. நிறைய பேர் கன்சல்டன்ட்டாதான் உள்ள போறாங்க, ஒப்பந்தம் முடிஞ்சா அடுத்ததைத் தேடணும். இன்னொரு மொழி, பிரெஞ்சோ அரபியோ, தெரிஞ்சா நிஜமாவே வித்தியாசம் இருக்கும்.

முதல் வேலை பிடிக்கறது

சி.வி.ல (ரெஸ்யூமேல) "டீம்ல வேலை பாப்பேன், கடின உழைப்பாளி"ன்னு போடறதை எடுத்துடுங்க. "இத்தனை வீட்டு சர்வே டேட்டாவை ஆர்ல சுத்தம் பண்ணி மாவட்ட வாரியா மேப் போட்டேன்"ன்னு ஒரு வரி போதும், கூட ஒரு லிங்க் குடுங்க. பொதுவாக் கிடைக்கற டேட்டாவை எடுத்து ரெண்டு பக்க அனாலிசிஸ் பண்ணி நெட்ல வச்சிருந்தா, அனுபவம் இல்லைங்கற குறை பாதி தீந்துடும்.

டேட்டா சம்பந்தப்பட்ட வேலைன்னா இன்டர்வியூல ஒரு எக்ஸெல் ஷீட்டைக் குடுத்து ஒரு மணி நேரம் டைம் குடுப்பாங்க. லைன் லிஸ்ட்னு சொல்ற அந்த ஷீட்ல ஒரு வரிக்கு ஒரு நோயாளி. திறந்த உடனே பிவட் டேபிள் போட ஓடாதீங்க, முதல்ல மேல இருந்து கீழ கண்ணால பாருங்க. வயசுல 230ன்னு இருக்கும், 23ஆ 30ஆ தெரியாது. ஆண்ங்கறதை ஒருத்தரு "ஆ"ன்னு போட்டிருப்பாரு, ஒருத்தரு முழுசா, ஒருத்தரு 1. 03/04ன்னா மார்ச் நாலா ஏப்ரல் மூணா, பாதி ஷீட் ஒரு முறைலயும் பாதி இன்னொரு முறைலயும் இருக்கும். அறிகுறி ஆரம்பிச்ச தேதி ஆஸ்பத்திரில சேந்த தேதிக்கு அப்புறம் இருக்கும். ஒரே ஆளு பேருல ஒரு எழுத்து மாறி ரெண்டு தடவை இருப்பாரு. இதை எல்லாம் சத்தமில்லாம திருத்திடக் கூடாது, அசல் ஷீட்டை அப்படியே வச்சுட்டு, காப்பில திருத்தி, என்ன மாத்தினீங்க, எதை மாத்த முடியாம விட்டீங்கன்னு தனியா ஒரு பட்டியல் எழுதணும். அப்புறம் அறிகுறி ஆரம்பிச்ச தேதியை வச்சு ஒரு கிராஃப், அதுல ஒரே நாள்ல குவிஞ்சிருந்தா எல்லாரும் ஒரே இடத்துல ஒரே நேரத்துல ஏதோ சாப்பிட்டோ குடிச்சோ இருக்கலாம், அலை அலையா வந்தா ஆளுக்கு ஆள் பரவுதுன்னு சந்தேகப்படலாம். கடைசில நாலு வரி: என்ன தெரியுது, என்ன தெரியல, நாளைக்குக் காலைல என்ன செய்யணும். எடுக்கறவங்க பெரும்பாலும் அந்த நாலு வரியையும், "தெரியல"ன்னு எழுத உங்களுக்குத் தைரியம் இருக்கான்னும்தான் பாக்கறாங்க.

ஆஃபர் வந்தா சம்பளத்தை மட்டும் பாக்காதீங்க. ஒப்பந்தம் எத்தனை மாசம், நிதி யாரு குடுக்கறாங்க, அது எப்போ முடியுது, களத்துக்குப் போனா பயணச் செலவும் இன்சூரன்ஸும் யாரோடது, நீங்க பண்ற அனாலிசிஸ் பேப்பரா வந்தா உங்க பேரு இருக்குமா. எல்லாத்தையும் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி மெயில்ல கேட்டு, பதிலையும் மெயில்லயே வாங்கி வச்சுக்கோங்க.